நான்கு பேர் சுமந்த பாட்டு

அத்தியாயம் 6

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட் அதிகம்" என்றாள் ராயா, டேப் ரிக்கார்டரை நிறுத்திவிட்டு. "மத்த ரெண்டு பேரும் எட்டு நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. இந்தப் பெருசு மட்டும் பத்து நிமிஷத்துக்கு இழுக்குது. போற நேரத்துல என்ன அவசரம்னு நெனைச்சுட்டாரோ என்னவோ."

துப்பறிவாளர் திஹோன் ஸகாரிச் சிரிக்கவில்லை. முப்பது வருடம் காவல் துறையில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். ராயாவின் ஜோக்குகளுக்கு வாரம் ஒரு முறை மொத்தமாகச் சிரிப்பது அவர் வழக்கம். இன்று செவ்வாய்தான். ஜன்னலுக்கு வெளியே பீட்டர்ஸ்பர்க் பிப்ரவரிச் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த அக்னியா ப்ளாதோனவ்னாவும் சிரிக்கவில்லை. ஐம்பத்திரண்டு வயது பூகோள டீச்சர். மேலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய அப்பா ப்ளாதோன் ஓப்ருச்சேவ் தேவாலயப் பாட்டு எழுதியவர். அந்தக் காலத்தில் அதைவிட ஆபத்தான தொழில் குறைவு. 1949இல் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் எழுதிய தாள்கள் எல்லாம் அதே வாரம் முற்றத்து அடுப்பில் எரிந்தன. வடக்கே ஒரு முகாமில், 1952இல் செத்தார். சாவதற்கு முன்னால் ஒரே ஒரு மாலைத் துதி எழுதினார். எழுதினார் என்று சொல்வதும் சரியில்லை. எழுதுவதற்குத் தாள் கிடையாது. நான்கு குரல்களுக்கான பாட்டு. நான்கு கைதிகளைப் பிடித்து, ஆளுக்கு ஒரு குரலை மனப்பாடம் செய்ய வைத்தார். ஒருவனுடைய குரலை இன்னொருவன் கற்கக் கூடாது என்பது கட்டளை. ஒருவனை அடித்துக் கேட்டாலும் நாலில் ஒரு பங்குதான் வெளியே வரும்.

அந்த நான்கு பேரைத் தேடித்தான் அக்னியா முப்பது வருடத்தைச் செலவழித்தாள். முதல் குரல் வோலக்தாவில் ஒரு கொல்லனிடம் கிடைத்தது. மூன்றாவது, கசாக்ஸ்தானில் ஒரு கணக்கு வாத்தியாரிடம். நான்காவதான அடிக்குரலை, தேவாலயத்தில் பாதிரியாருக்குத் துணை நிற்கும் டீக்கன் ஒருவரின் மகன், போன இலையுதிர் காலத்தில் மரணப் படுக்கையில் கிடந்தபடி கேசட்டில் பாடிக் கொடுத்தார். இரண்டாவது குரலைச் சுமந்தவனின் பெயர்கூடத் தெரியவில்லை.

"வியாழக்கிழமை ஒத்திகையில கடைசி அரை மணி நேரம் எனக்குன்னு நிகாந்தர் சொல்லியிருக்கார்" என்றாள் அக்னியா. நிகாந்தர் நகரத்தின் நல்ல பாடகர் குழு ஒன்றை நடத்துபவர். "ஞாயித்துக்கிழமை அவங்க வெளிநாடு கிளம்பறாங்க. பாதிப் பேர் திரும்பி வர மாட்டாங்கன்னு அவரே சொல்றார். எனக்கு இந்த ஒரு அரை மணி நேரம்தான். அப்பா செஞ்சதுல மிஞ்சினது இது ஒண்ணு. ஒரே ஒரு தடவை முழுசா கேட்கணும். அவ்வளவுதான்."

"ரெண்டாவது குரல் இல்லாம?"

"நடுவுல மறைஞ்சு போற உள்குரல்தானே, ஏதாவது போட்டு நிரப்பிக்கலாம், யாருக்கும் தெரியாதுங்கறார் நிகாந்தர்."

"அதை எனக்குச் சொல்லணுமா?" என்றாள் ராயா. இருபத்திரண்டு வருடம் ஓர் ஆப்பரா அரங்கின் வாத்தியக் குழுவில், வயலினைவிடக் கனத்த நடுக்குரல் வாத்தியமான வயோலா வாசித்துவிட்டு, ஆட்குறைப்பில் வெளியே வந்து, இப்போது இந்த ஒற்றை அறை ஆபீசில் போன் எடுப்பவள் அவள். "ஒரு தடவை மேடையில உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன். மறுநாள் பேப்பர்ல 'வயோலாக்கள் வியக்கத்தக்க நிதானம் காட்டின'ன்னு எழுதியிருந்தான்."

திஹோன் கையை உயர்த்தினார். "ராயா, கேசட்டை மறுபடி போடு. பாட்டைக் கேட்காதே. பாட்டு நிக்கிற இடத்தைக் கேளு."

கிழவரின் அடிக்குரல் பாதாளத்திலிருந்து வருவதுபோல் எழுந்தது. ஒரு வரி. நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், மிக லேசாக, 'கிரீச்.' அடுத்த வரி. நிறுத்தம். 'கிரீச்.'

"கட்டில்" என்றாள் ராயா.

"கட்டில்தான். சாகக் கிடக்கிற மனுஷன் ஒவ்வொரு நிறுத்தத்துலயும் எதுக்கு அசையறார்? வலியா இருந்தா பாட்டு நடுவுலயும் அசையணுமே." திஹோன் தன் நெற்றியையும் வயிற்றையும் வலது தோளையும் இடது தோளையும் தொட்டுச் சிலுவைக்குறி போட்டு, முதுகை வளைத்துக் குனிந்தார். அவர் நாற்காலி கிரீச்சிட்டது. "டீக்கனோட பிள்ளை. நாலு வயசுலேருந்து அப்பா பக்கத்துல நின்னு வளர்ந்தவர். கோயில்ல குழு ஒரு வரி பாடும், டீக்கன் ஒரு வேண்டுதல் சொல்வார், எல்லாரும் குனிவாங்க, குழு அடுத்த வரி பாடும். ஓப்ருச்சேவ் எழுதின பாட்டுல டீக்கனே கிடையாது. ஆனா இவருக்கு டீக்கன் இல்லாம பாடத் தெரியாது. ஐம்பது வருஷம் முன்னாடி செத்த அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு, நிறுத்தி நிறுத்திப் பாடியிருக்கார்."

நிறுத்தங்களை வெட்டி எறிந்தாள் ராயா. எட்டு நிமிடம் மூன்று செகண்ட். மூன்று குரல்களும் கைகோத்துக்கொண்டதுபோல் பொருந்தின.

அக்னியா வாயைப் பொத்திக்கொண்டாள். "இந்தக் கேசட் வந்ததுலேருந்து... மத்த ரெண்டு பேரும் கொஞ்சம் மறந்துட்டாங்கன்னு நெனைச்சு அவங்களைத் திட்டியிருக்கேன்."

"திட்டினதைத் திரும்ப வாங்க முடியாது. வீட்டுக்குப் போங்க" என்றார் திஹோன்.

*

மேஜைக்கு அடியில் ராயாவின் வயோலா இருந்தது. விற்க வைத்திருந்தாள், எவனும் வாங்கவில்லை.

"ஆளைத் தேடறதுக்கு முன்னாடி குரலைத் தேடுவோம்" என்றார் திஹோன். "மூணு தெரிஞ்சா நாலாவது தெரியாதா?"

"முக்கால்வாசி தெரியும், ஸகாரிச். நாலு பேர் உட்கார்ற பெஞ்சுல மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. நடுவுல எவ்வளவு எடம் காலின்னு கண்ணுக்குத் தெரியுதில்ல? அதுல ரெண்டு சுரம், மிஞ்சினா மூணு சுரம்தான் உட்கார முடியும். முன்னாடி சுரத்துலேருந்து தாவாம நடந்து வரக்கூடிய சுரம் எதுவோ, அதை எடுத்துக்கணும்."

அவளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு விளக்கினாள். நம் பழைய தேவாலயப் பாட்டில் மெட்டு எப்போதும் மேல் குரலில் இருப்பதில்லை. மேல் குரலும் அடிக்குரலும் சட்டை, கால்சராய் மாதிரி; மெட்டு என்கிற உடம்பு உள்ளே நடுக்குரலில் இருக்கும். அந்த நடுக்குரலுக்குப் பழைய பாடகர்கள் 'வழி' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதை ஒட்டி நடப்பவர்கள்.

"அப்போ காணாமப் போனது..."

"நிரப்பிக்கலாம்னு நிகாந்தர் சொன்ன அந்த உள்குரல்தான் பாட்டே. மத்த மூணும் துணி."

மூன்று மணி நேரம் ஆயிற்று. நூற்றுப் பதினெட்டுச் சுரங்கள். ஒவ்வொன்றையும் பென்சிலால் வைத்து, அழித்து, வைத்தாள். பிறகு வயோலாவை எடுத்து மெதுவாக, ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு, மூழ்கிய கப்பலில் நடப்பவள்போல வாசித்தாள். சுரம் சுரமாக எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு மெட்டு கேட்கவில்லை.

வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த க்லாஷாவுக்குக் கேட்டது.

"கிளம்புது பார், கிளம்புது பார், டிராக்டர் படை..." என்று க்லாஷா வாளியோடு சேர்ந்து பாடினாள். "விடியுது பார், விடியுது பார், எங்க வயல்..."

வில் நின்றது. க்லாஷா கதவுக்குள் தலையை நீட்டினாள். "ஏன் நிறுத்திட்ட? அதுசரி, ஏன் இவ்வளவு மெதுவா வாசிக்கிற? டிராக்டர் ரிப்பேரா?"

ராயா அதே சுரங்களை நான்கு மடங்கு வேகத்தில் வாசித்துப் பார்த்தாள். பாதியில் அவள் கால் தானாகத் தரையைத் தட்டியது. இந்த நாட்டில் 1952க்குப் பிறகு பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு பிள்ளையும் கழுத்தில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு பாடிய பாட்டு.

"எழுதினவன் யாரு?" என்றார் திஹோன். குரல் இறங்கியிருந்தது.

"கோர்தெய் ஸவ்ராஸின். உயிரோடதான் இருக்கார். விருது, பட்டம், எல்லாம் உண்டு."

பழைய பள்ளிப் பாட்டுப் புத்தகம் நூலகத்தில் கிடைத்தது. பென்சில் குரலில் உறுதிப்படாதிருந்த கடைசிச் சுரத்தை ராயா அதைப் பார்த்தே வைத்தாள். ஆசிரியர் குறிப்பு நான்கே வரி. திஹோன் இரண்டாவது வரியின் மேல் விரலை வைத்தார்: '1948 முதல் 1951 வரை வடக்கில் மரத் தொழிலில் பணியாற்றினார்.'

"இசைப் பள்ளியில படிச்ச பையன், மூணு வருஷம், வடக்குல, மரம் அறுக்கப் போனானாம். ஆசைப்பட்டு!" என்றாள் ராயா.

முகாம் என்று எழுதாத அந்த வரிக்கு என்ன பொருள் என்று இந்த நாட்டில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியதில்லை.

*

புதன்கிழமை காலை மின்சார ரயிலில் வளைகுடாப் பக்கம் போனார்கள். பைன் மரங்களுக்கு நடுவே இரண்டு மாடி மர வீடு. கதவைத் திறந்தவர் கம்பளிப் பூட்ஸ் போட்ட, ஒல்லியான, அறுபத்தேழு வயது மனிதர்.

"தோழர்னு கூப்பிடணுமா, ஐயான்னு கூப்பிடணுமா?" என்றாள் ராயா. "இப்ப எது நடப்புன்னு தெரியல."

"எதையும் கூப்பிட வேணாம்மா. உள்ள வாங்க, குளிர் வருது."

தேநீரும் கருந்திராட்சை ஜாமும் வைத்தார். திஹோன் தேநீரைத் தொடவில்லை. மூன்று குரல்களின் தாளையும் பென்சில் குரலையும் மேஜையில் அடுக்கினார்.

"ஓப்ருச்சேவ் செத்ததும் அவரோட மெட்டைத் திருடி டிராக்டர்ல ஏத்திட்டீங்க. விருது வாங்கினீங்க. இந்த வீடு அதுலதான் வந்தது. தப்புன்னா சொல்லுங்க."

ஸவ்ராஸின் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற மூன்று குரல்களை அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்க்கிறார் என்பது ராயாவுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் உதடுகள் அசைந்தன.

"அடிக்குரல் இங்க இறங்குதா..." என்றார். "நான் மேல போகும்னு நெனைச்சேன். நாப்பது வருஷமா மேல போகும்னே நெனைச்சுட்டிருந்தேன்."

"கேட்டதுக்குப் பதில்."

"அவர் செத்ததும் இல்ல. அவர் இருக்கும்போதே நான் வெளிய வந்துட்டேன். ரெண்டு பேர் இழுக்கிற ரம்பம் இருக்கில்ல, அந்தத் தாளத்துலதான் சொல்லிக் கொடுத்தார். வெளிய வந்து தினமும் காலைல ஒரு தடவை மனசுக்குள்ள பாடிப் பார்ப்பேன். முகாம்ல டைபாய்டு வந்து எனக்கு மண்டையில ஓட்டை. ஒருநாள் எழுபதாவது சுரத்துக்கிட்ட நின்னுபோச்சு. மத்தியானம் வரைக்கும் வரல. பைத்தியம் மாதிரி தெருவுல நடந்தேன். சாயங்காலம்தான் வந்தது."

"எழுதி வச்சிருக்கலாமே" என்றாள் ராயா.

"எதுலம்மா? தாளுலயா? தாளைப் பிடுங்குவான். தேவாலயப் பாட்டு எழுதி வச்சிருக்கேன்னா தாளோட என்னையும் எடுத்துட்டுப் போவான். எவனாலயும் பிடுங்க முடியாத எடம் எதுன்னு யோசிச்சேன்." அவர் தன் வாயைத் தொட்டார். "பிள்ளைங்க வாய். கோடிப் பிள்ளைங்க. ரெண்டே வாரத்துல டிராக்டர் வார்த்தை போட்டேன், வேகத்தைக் கூட்டினேன். வானொலில போச்சு. அன்னிக்கு ராத்திரிதான் மூணு வருஷத்துல முதல் தடவையா நிம்மதியாத் தூங்கினேன். இனி மறந்தாலும் பரவாயில்லை, நாடே ஞாபகம் வச்சுக்கும்னு."

திஹோன் அதுவரை தொடாத தேநீரை எடுத்துக் குடித்தார்.

"விருது?" என்றார்.

"கொடுத்தாங்க. வேணாம்னு சொல்லல. வீடும் வேணாம்னு சொல்லல. நான் நல்லவன்னு உங்களை வரவழைச்சுச் சொல்லலையே."

"பயம் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அவர் பொண்ணு முப்பது வருஷமாத் தேடுது."

"அறுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள் கதவைச் சாத்திக்கிட்டு மெதுவா, அவர் சொன்ன வேகத்துல பியானோவுல வாசிச்சேன். சமையல்கட்டுல என் பெண்டாட்டி கரண்டியால தாளம் போட்டா." அவர் ஜாமைக் கிண்டினார். "பல தடவை முயற்சி பண்ணிட்டேன். மெதுவா வாசிச்சா, ரிப்பேரான டிராக்டர். வார்த்தை இல்லாம வாசிச்சா, வார்த்தை மறந்த டிராக்டர். பத்திரமா வைக்கணும்னு வச்சேன். ரொம்பப் பத்திரமா வச்சுட்டேன். இப்ப வெளிய எடுக்க முடியல. அந்தப் பொண்ணுகிட்ட எதைக் கொண்டுபோய் நீட்டச் சொல்றீங்க?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

ராயா பென்சில் குரலை அவர் பக்கம் தள்ளினாள். "சரி பார்த்துக் கொடுங்க. எதையாவது மாத்தினீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூற்றுப் பதினெட்டுச் சுரங்களையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். நான்கு இடத்தில் திருத்தினார். கடைசிச் சுரத்தில் நின்றார்.

"இது ஒண்ணுதான் நானாச் செஞ்சது. முடிவுல அவர் கீழ இறங்குவார். நாலு படி. ஒரு மனுஷன் சுமையை இறக்கி வைக்கிற மாதிரி. அணிவகுப்புப் பாட்டு அப்படி முடிய முடியுமா? மேல தூக்கிட்டேன்." மேலே இருந்த சுரத்தை அடித்துவிட்டு, கீழே ஒரு புள்ளி வைத்தார். "அவரோடதை அவர்கிட்டயே கொடுத்துடுங்க."

"நாளைக்கு ஒத்திகைக்கு வர்றீங்களா?" என்றார் திஹோன்.

"நான் வந்தா கை தட்டுவாங்க" என்றார் ஸவ்ராஸின். "வேணாம்."

*

"கிடைக்கலைன்னு சொல்லிடலாம், ஸகாரிச்" என்றாள் ராயா, திரும்பி வரும் ரயிலில். அவளிடம் ஜோக்கு தீர்ந்திருந்தது. "நானே ஏதாவது புதுசா ஒரு நடுக்குரல் எழுதித் தர்றேன். அழகா எழுதுவேன்."

"தெரியும். ஆனா அது உன்னோடதா இருக்கும். அந்தம்மா கேட்டது அவங்க அப்பாவோடதை."

வியாழக்கிழமை ஒத்திகைக் கூடத்தின் மாடிப்படியில் வைத்து அக்னியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்கள். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்தப் பாட்டா?" என்றாள் கடைசியில். "அத்தையோட குடும்பப் பேர்ல என்னை ஸ்கூல்ல சேர்த்திருந்தாங்க. பதினோரு வயசு. மூணாவது வரிசையில நின்னு பாடினேன். நல்லாப் பாடறேன்னு டீச்சர் சொன்னாங்க." கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா செத்து அப்ப ஒரு வருஷம்கூட ஆகலை."

"வேணாம்னா நிறுத்திடலாம்" என்றார் திஹோன்.

"இல்ல. பாடட்டும்."

நிகாந்தர் இரண்டாவது குரலை நடுக்குரல் பெண்களுக்குக் கொடுத்தார். பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். மற்றவர்களுக்கு அவரவர் குரல். கை உயர்ந்தது.

அடிக்குரல் தரையிலிருந்து எழுந்தது. மேல் குரல் வந்து சேர்ந்தது. நான்கு நொடி, ஐந்து நொடி, அந்தக் கூடம் தேவாலயமாகவே இருந்தது. பிறகு நடுக்குரல் நுழைந்தது. எட்டாவது சுரத்தில் ஒருத்தி பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பதினைந்தாவது சுரத்தில் யாரோ மூக்கால் சிரித்தாள். இருபதாவதில் பலகைத் தரையில் ஒரு பூட்ஸ் தட்ட ஆரம்பித்தது. நிகாந்தர் கோபமாக நிறுத்தினார்.

"இது சாவுக்குப் பக்கத்துல எழுதின பாட்டு! மெதுவா! கேலி பண்றவங்க வெளிய போகலாம்!"

யாரும் கேலி செய்யவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, முகத்தை இறுக்கிக்கொண்டு, மறுபடி பாடினார்கள். நன்றாகவே பாடினார்கள். அக்னியா கண்ணை மூடியிருந்தாள். கடைசி வரி வந்தது. தாளில் சுரம் கீழே இருந்தது. பன்னிரண்டு பெண்களும் மேலே போனார்கள்.

"கீழ!" என்றார் நிகாந்தர். "நாலு படி கீழ! கண்ணு இல்லையா?"

மறுபடி கடைசி வரி மட்டும். ஏழு பேர் இறங்கினார்கள், ஐந்து பேர் ஏறினார்கள். மறுபடி. மூன்று பேர் ஏறினார்கள். ஒருத்தி அழ ஆரம்பித்தாள். "வேணும்னு செய்யல, நிகாந்தர் அண்ணா. தொண்டை தானாப் போகுது. ஏழு வயசுலேருந்து அங்கதான் போயிருக்கு."

கூடத்துக் கடிகாரம் ஆறைக் காட்டியது. கீழே பயணப் பெட்டிகளை ஏற்ற லாரி வந்து ஹாரன் அடித்தது.

அக்னியா ப்ளாதோனவ்னா எழுந்தாள். மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, நேராகப் போய் அந்தப் பன்னிரண்டு பேருக்கு முன்னால் நின்றாள்.

"கடைசி வரி" என்றாள் நிகாந்தரிடம். "நடுக்குரலை நான் பாடறேன். தனியா. மத்தவங்க அவங்கவங்களோடதைப் பாடுங்க."

நிகாந்தர் கையை உயர்த்தினார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, கால் தட்டவில்லை. அக்னியாவின் குரல் மெல்லியது, பயிற்சி இல்லாதது, ஆனால் சுருதி சுத்தமாக இருந்தது. அடிக்குரல் அவளைத் தாங்கிக்கொண்டு வந்தது. கடைசிச் சொல். அக்னியா தாளைப் பார்த்தாள், கீழே வைத்திருந்த அந்தப் புள்ளியைப் பார்த்தாள், மூச்செடுத்தாள்.

அவள் குரல் மேலே போயிற்று.

தெளிவாக, உரக்க, பதினோரு வயதுப் பிள்ளையின் குரல்போல. அவள் அதை நிறுத்தவும் இல்லை. மூச்சு தீரும்வரை அந்தச் சுரத்திலேயே நின்றாள். கீழே மூன்று குரல்களும் இறங்கிக் காத்திருந்தன.

நிகாந்தர் கையைத் தாழ்த்தினார். இன்னொரு தடவை என்று யாரும் கேட்கவில்லை.